முப்பதாம் நாள் எங்கே இருப்பீர்கள்?

வாசகர் கேள்வி – கண் மருத்துவர் பதில்

போன இதழில் மாலைக்கண் பற்றி எழுதும்போது, மாசம் நிறையாமல் பிறந்த பிள்ளைக்கு முப்பது நாளுக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்தப் பிள்ளைகளுக்கு வரும் ஆர்.ஓ.பி. (ரெட்டினோபதி ஆஃப் பிரிமெச்சூரிட்டி) என்ற விழித்திரை நோயைக் கண்டுபிடிக்கத்தான் அந்தப் பரிசோதனை. வந்த கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. அதனால் இந்த மாதப் பக்கத்தை முழுவதும் அதற்கே கொடுத்துவிட்டேன். எழுதியவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். முதல் கடிதம் கிடைத்த அன்றே அவரிடம் போனில் பேசிவிட்டேன். இதழ் வரும்வரை காத்திருக்க அவர் மகளுக்கு நாள் இல்லை. மற்றவர்களுக்காக அந்தப் பதிலை விரிவாக எழுதுகிறேன்.

என் மனைவிக்கு 31ஆவது வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. பெண் குழந்தை, 1,420 கிராம். பத்தொன்பது நாள் பெட்டியில் வைத்திருந்து அனுப்பினார்கள். இன்று 24ஆவது நாள். பால் நன்றாகக் குடிக்கிறாள். இருவரும் கடையத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறார்கள். கண் பார்க்கக் கூட்டி வரச்சொல்லி எனக்குப் போன் வந்தது. நாற்பத்தொரு நாள் கழியாமல் பச்சப்பிள்ளையை வாசல்படி தாண்ட விடமாட்டேன் என்கிறார் மாமியார். கண் பளிச்சென்றுதான் இருக்கிறது. இரண்டு வாரம் தள்ளிப்போடலாமா? – வாசகர், வள்ளியூர்

தள்ளிப்போடக் கூடாது.

கண் பளிச்சென்று இருப்பதைப் பார்த்துத்தான் எல்லாரும் ஏமாந்து போகிறோம். இந்த நோய்க்குச் சிவப்பு கிடையாது, பீளை கிடையாது, வீக்கம் கிடையாது. கண்ணுக்குள்ளே பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரையில் அது நடக்கிறது. வெளியிலிருந்து தாய்க்கும் தெரியாது, பெரிய டாக்டருக்கும் தெரியாது. உள்ளே விளக்கடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஏறக்குறைய 16ஆவது வாரத்தில், கண் நரம்பு நுழைகிற இடத்திலிருந்து ரத்தக்குழாய்கள் கிளம்பி விழித்திரையின் ஓரத்தை நோக்கி நகர்கின்றன. மூக்குப் பக்கத்து ஓரத்தைத் தொட 36 வாரம் ஆகும். காதுப் பக்கத்து ஓரம் தூரம். அங்கே போய்ச் சேர ஏறக்குறைய 40 வாரம், அதாவது நிறைமாதம் ஆகிவிடும். நம் ஊர்க்காரர்களுக்கு இதை வாய்க்கால் வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். பழவூர் அணையிலிருந்து பாளையங்கால்வாயில் தண்ணீர் விட்டால் தலைமடைக்காரர் முதலில் நனைவார், கடைமடைக்காரர் காத்துக் கிடக்க வேண்டும். 31 வாரத்தில் பிறந்த பிள்ளையின் கண்ணில் தண்ணீர் பாதி வழிதான் போயிருக்கும். பிறந்த அதிர்ச்சியிலும், வெளிக்காற்றிலும் குழாயிலும் கிடைக்கிற கூடுதல் ஆக்சிஜனிலும் அது அங்கேயே நின்றுவிடுகிறது.

முதல் சில வாரம் கடைமடை சும்மா கிடக்கும். தாகம் இன்னும் வரவில்லை. பிள்ளை தேறத் தேற விழித்திரையும் வளர்ந்து ரத்தம் கேட்க ஆரம்பிக்கும். வி.இ.ஜி.எஃப். என்றொரு புரதம் சுரந்து குழாய்களைக் கூவி அழைக்கும். கூப்பாடு அளவோடு இருந்தால் வாய்க்கால் பழையபடி ஓடி ஓரத்தைத் தொட்டுவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இப்படித் தானாகவே சரியாகிவிடுகிறது. அளவு மீறினால் ரத்தம் போன இடத்துக்கும் போகாத இடத்துக்கும் நடுவே முதலில் ஒரு கோடு விழும். பிறகு அது வரப்பு மாதிரி எழும்பும். மூன்றாம் நிலையில் வரப்பின் மேல் புதுக்குழாய்கள் புதராக முளைக்கும். நோஞ்சான் குழாய்கள் அவை. கசியும், தழும்பாகும், விழித்திரையைப் பிடித்து இழுக்கும். ஈரம் ஏறிய சுவரில் சுண்ணாம்புப் பூச்சு பெயர்வது மாதிரி விழித்திரை கழன்று வருவது நான்காம் நிலை. முழுக்கக் கழன்றுவிட்டால் ஐந்து. சில பிள்ளைகளுக்குப் படிப்படியாக வராமல் சில நாளிலேயே முற்றிவிடும். இது மொத்தத்துக்கும்தான் ஆர்.ஓ.பி. என்று பெயர்.

கூப்பாடு மீறும் சமயத்தில் நாம் உள்ளே போக வேண்டும். ரத்தம் எட்டாத ஓரப்பகுதியை லேசரால் பொட்டுப் பொட்டாகச் சுட்டுவிட்டால் கூவி அழைக்க ஆள் இல்லாமல் போகும், புதர்க்குழாய் வாடிவிடும். கடைமடையைத் தரிசு போட்டுத் தலைமடைப் பயிரைக் காப்பாற்றுகிற வேலை இது. ஓரப்பார்வை சிறிது குறையும். முகம் பார்க்கவும் எழுத்துப் படிக்கவும் வேண்டிய நடுப்பார்வை நிற்கும். சில கண்களுக்கு லேசருக்குப் பதிலாக ஊசிமருந்து. எதுவானாலும் தேவை என்று தெரிந்த பிறகு இரண்டு மூன்று நாளுக்குள் முடித்தாக வேண்டும். அந்தக் கட்டம் உங்கள் மகளைப் போன்ற பிள்ளைக்குப் பிறந்த நாலு வாரத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால்தான் முப்பதாம் நாள் என்ற கணக்கு. 28 வாரத்துக்குள் பிறந்தவர்களுக்கும் 1,200 கிராமுக்குக் குறைந்தவர்களுக்கும் முப்பது நாள்கூடக் கிடையாது, இரண்டு மூன்று வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

உங்கள் மாமியாரை நான் குறை சொல்லமாட்டேன். என் ஆச்சியும் அப்படித்தான் எங்களை வளர்த்தாள். கூட்டத்தில் கொண்டுபோனால் பச்சப்பிள்ளைக்குச் சீக்கு ஒட்டும் என்ற பயத்தில் நியாயம் இருக்கிறது. அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "அத்தை, கல்யாண வீட்டுக்கோ கோயிலுக்கோ கூப்பிடலை. காலையில கார்ல போயிட்டு மத்தியானத்துக்குள்ள வந்திருவோம். தொப்பி போட்டு, துணியில சுத்தி, நீங்களே மடியில வச்சுக்கோங்க." அவரையும் கூட அழைத்து வந்தால் நல்லது. படத்தில் விழித்திரையைக் காட்டினால் அடுத்த தடவைக்கு அவரே தேதி சொல்லுவார்.

உங்கள் கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. போன் வந்தது உங்களுக்கு. பிள்ளை இருப்பது கடையத்தில். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் பக்கத்து வழக்கம். ஆஸ்பத்திரி நோட்டில் இருப்பதோ பெரும்பாலும் புருஷன் வீட்டு விலாசமும் புருஷன் நம்பரும். அவர் கோயம்புத்தூரில் மில்லிலோ துபாயிலோ இருப்பார். நம்பர் எடுக்காது, எடுத்தாலும் "சரி, சொல்லுதேன்" என்பதோடு நின்றுவிடும். இத்தனை வருஷத்தில் முப்பதாம் நாள் தவறிப்போன பிள்ளைகளில் பாதிக்கு மேல் இப்படித் தவறியதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு கூட்டம் பங்குனி உத்திரத்துக்கு. வீடே குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்குப் போயிருக்கும், வீட்டில் ஆள் இருக்காது. அதனால் டிஸ்சார்ஜ் அன்றைக்குத் தாயிடம் நான் முதலில் கேட்பது, "முப்பதாம் நாள் எங்க இருப்பிய?" என்றுதான். அந்த ஊர், அந்த வீட்டில் யார் கையில் போன் இருக்கும், அந்த ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர் யார், இந்த மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்வேன்.

இந்தப் பழக்கம் எனக்கு வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு ஆச்சி ஐந்து மாதப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பிள்ளை மூஞ்சியப் பாத்துச் சிரிக்க மாட்டேங்கும்மா. கிலுக்கு ஆட்டுனா சத்தம் வந்த பக்கம் திரும்புதா, கிலுக்கப் பாக்க மாட்டேங்கா" என்றார். இரண்டு கண்மணியும் உள்ளே வெளுத்திருந்தன. ஐந்தாம் நிலை. எங்கே பிறந்தது என்று கேட்டேன். மஞ்சப்பையிலிருந்து நாலாக மடித்த சீட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் பழைய பேப்பர் ஒட்டியிருந்தது. அவ்வளவு பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். மருந்துப் பட்டியலுக்கெல்லாம் கீழே, ஆங்கிலக் கிறுக்கலில் ஒரு வரி இருந்தது: நாலு வாரத்தில் கண் பரிசோதனை. "இதுல என்னம்மா போட்டிருக்கு?" என்று அந்த ஆச்சி என்னைக் கேட்டார். யாரும் வாசித்துச் சொல்லவில்லை. அந்தச் சீட்டை ஐந்து மாதமாகச் சாமிபடத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்களாம்.

அன்றிலிருந்து நான் சீட்டின் மேல்பக்கத்தில், தமிழில், தேதியோடு கிழமையும் சேர்த்துப் பெரிதாக எழுதுகிறேன். எழுதியதைத் தாய் வாயால் திருப்பிச் சொல்லக் கேட்ட பிறகுதான் அனுப்புகிறேன். உங்கள் பிள்ளைக்கு வேறு ஆஸ்பத்திரியில் அப்படிச் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். பிறந்த எடை இரண்டு கிலோவுக்குக் குறைவா, 34 வாரத்துக்கு முன்னால் பிறந்ததா, இரண்டில் எது பொருந்தினாலும் பரிசோதனை உண்டு. 34 முதல் 36 வாரத்துக்குள் பிறந்து, ஆக்சிஜன், ரத்தத்தில் கிருமி, ரத்தம் ஏற்றியது என்று ஏதாவது நடந்திருந்தாலும் உண்டு. நிறைமாதப் பிள்ளையாக இருந்து எடை மட்டும் இரண்டு கிலோவுக்குக் குறைந்திருந்தாலும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

வள்ளியூர் வாசகர் 28ஆவது நாள் மாமியாரோடு வந்தார். இரண்டு கண்ணிலும் முதல் நிலைக் கோடு இருக்கிறது. சிகிச்சை இப்போது வேண்டாம். ஆனால் அடுத்த வாரம் மறுபடி, அதற்கடுத்த வாரம் மறுபடி, குழாய் ஓரத்தைத் தொடும்வரை வரவேண்டும். முதல் தடவை "பயப்பட ஒன்றுமில்லை" என்று கேட்டுவிட்டு அப்புறம் வராமல் நின்றுவிடுபவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

கண் டெஸ்ட் என்று சொல்லி என் பேரனின் இமையைக் கம்பி வைத்துப் பிளந்து பார்த்தார்கள். அவன் போட்ட சத்தத்தில் என் மருமகள் வெளியே உட்கார்ந்து கதறிவிட்டாள். மறுநாளும் கண் சிவந்திருந்தது. இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டுமா? – வாசகி, சுத்தமல்லி

அந்தச் சத்தம் கதவுக்கு வெளியே கேட்கும்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் அம்மா. என் சொந்தத் தங்கச்சி மகனுக்கே நான் பார்த்திருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் மருமகளுக்குப் பாதி பயம் குறையும்.

முதலில் கண்மணி விரிய மூன்று தடவை சொட்டு மருந்து, பத்துப் பதினைந்து நிமிஷ இடைவெளியில். வழிகிற மருந்தை உடனே துடைத்துவிடுவோம், இந்த வயசில் தோல் வழியாகவும் மருந்து ஏறும். பால் கொடுத்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கக்கிப் புரையேறும். பிறகு பழைய பருத்திச் சேலைத் துணியில் கையைக் காலை அடக்கிச் சுற்றுவோம். மரத்துப்போகும் சொட்டு ஒன்று விடுவோம். அதன் பின்தான் இமையை விலக்கிப் பிடிக்கும் சிறு கம்பி. ஒரு சிஸ்டர் வாயில் துளித்துளியாகச் சர்க்கரைக் கரைசலோ தாய்ப்பாலோ வைத்துக்கொண்டே இருப்பார். வலி குறைய அது உண்மையிலேயே உதவுகிறது. இன்னொருவர் நாடித்துடிப்பு காட்டும் கருவியையே பார்த்துக்கொண்டிருப்பார், சில பிள்ளைகளுக்குத் துடிப்பு இறங்கும், அப்போது நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். தலையில் மாட்டிய விளக்கு, கையில் ஒரு லென்ஸ், இமைக்கும் கண்ணுக்கும் நடுவே கண்ணை மெல்லத் திருப்பிக் கொடுக்க இன்னொரு சிறு கம்பி. ஒரு கண்ணுக்கு ஒன்றிரண்டு நிமிஷம்.

லென்ஸில் தெரிவது ஒரு காசு அளவுக்குத் தேரிச் செம்மண் நிறத் தரை. அதில் குழாய்கள் கிளை விட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஓர் இடத்தில் சட்டென்று நிற்கும். அதற்கப்பால் சாம்பல் பூத்த வெறும் தரை. நின்ற இடம் எது, அங்கே கோடா வரப்பா, நடுவிலுள்ள குழாய்கள் புடைத்து நெளிந்திருக்கின்றனவா, இவ்வளவையும் பிள்ளை அழுது முடிப்பதற்குள் பார்த்துவிட வேண்டும்.

சிவப்பு ஒன்றிரண்டு நாளில் போய்விடும். அன்றைக்குச் சில மணி நேரம் கண் கூசும், வெயில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு கூடினாலோ பீளை தள்ளினாலோ உடனே கொண்டு வாருங்கள். மற்றபடி, திரும்பத் திரும்பச் செய்யத்தான் வேண்டும். முடிந்த உடனே பிள்ளையைத் தாய் மாரோடு அணைத்துப் பால் கொடுக்கட்டும், நிமிஷத்தில் அடங்கிவிடுவான். உள்ளே வந்து நிற்க அவளுக்குத் தைரியம் இருந்தால் நிற்கட்டும். நான் எந்தத் தாயையும் வெளியே போகச் சொல்வதில்லை.

இரட்டை ஆண் பிள்ளைகள், 32ஆவது வாரம். மூத்தவனுக்கு ஒன்றுமில்லை, இளையவனுக்கு லேசர் செய்தார்கள். ஒரே வயிற்றில் கிடந்த பிள்ளைகளுக்கு எப்படி இப்படி? – வாசகர், சங்கரன்கோவில்

எடை வித்தியாசம் இருந்திருக்கும். இல்லாவிட்டால் ஒருவனுக்கு மூச்சுத் திணறல் கூடுதல், கிருமித் தொற்று, ரத்தம் ஏற்றியது, எடை ஏறாமல் நின்றது என்று ஏதாவது இருந்திருக்கும். ஒரே வயிற்றில் கிடந்தாலும் பிறந்த பிறகு அவரவர் பாடு தனி. மூத்தவனுக்கு "ஒன்றுமில்லை" என்றது இப்போதைக்கு ஒன்றுமில்லையா, குழாய் முழுக்க வளர்ந்து முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். முடியும்வரை தம்பியோடு சேர்த்து அவனையும் கூட்டிப் போங்கள்.

அமெரிக்காவில் என் மகளுக்கு 33 வாரத்தில் பிரசவம். பேத்தி 1,850 கிராம். இங்கே 34 வாரம், இரண்டு கிலோ என்று கணக்குச் சொல்கிறார்கள். அங்கே கண் பரிசோதனை தேவையில்லை என்று சொல்லிவிட்டார்களாம். எதை நம்புவது? – ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், அம்பாசமுத்திரம்

ஐயா, இரண்டையும் நம்பலாம். அங்கே அளவுகோல் 1,500 கிராம் அல்லது 30 வாரம், அதற்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டாயம். அதற்கு மேல் எடையிருந்தும் உடம்பு நிலையில்லாமல் கிடந்த பிள்ளைகளை மருத்துவர் பார்த்துச் சேர்த்துக்கொள்வார். அங்கே ஆக்சிஜனைக் கணக்காகக் கலந்து கொடுக்கும் கருவியும், பிள்ளைகளைக் கவனிக்கப் போதிய நர்ஸ்களும் இருப்பதால், பெரிய எடைப் பிள்ளைகளுக்கு இந்த நோய் அபூர்வம். நம் நாட்டில் 1,500 கிராமைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் முற்றின நோயை நாங்கள் பார்க்கிறோம். அந்த அளவுகோலை அப்படியே இங்கே வைத்தால் அந்தப் பிள்ளைகள் கைநழுவிப் போவார்கள். அதனால்தான் 2017இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இரண்டு கிலோ, 34 வாரம் என்று வலையை அகலமாக விரித்திருக்கிறார்கள். உங்கள் பேத்திக்கு ஆக்சிஜன் அதிக நாள் வைத்தார்களா, தொற்று ஏதும் வந்ததா என்று மட்டும் மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நிம்மதியாக இருங்கள்.

நம்மிடையே ஒரு பேச்சு உண்டு, ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது என்று. படித்தவர்கள்கூட என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அது தவறு. கண்ணுக்கும் சரி, நுரையீரலுக்கும் சரி, வயிற்றில் கூடுதலாகக் கிடக்கும் ஒவ்வொரு வாரமும் நன்மைதான்.

ஆக்சிஜன் வைத்ததால்தான் என் அக்கா மகனுக்குக் கண் போனது என்று உறவில் எல்லாரும் சொல்கிறார்கள். டாக்டர் செய்த தப்பா? – வாசகி, தூத்துக்குடி

ஆக்சிஜனுக்குப் பங்கு உண்டு. அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது.

1942இல் அமெரிக்காவில் பாஸ்டனில் தியோடர் டெர்ரி என்ற கண் மருத்துவர், குறைமாதப் பிள்ளைகளின் கண்மணிக்குப் பின்னால் வெள்ளைப் படலம் கட்டுவதை முதன்முதலில் எழுதினார். அடுத்த பத்தாண்டில் உலகம் முழுவதும் ஏறக்குறைய பத்தாயிரம் பிள்ளைகள் இப்படிப் பார்வை இழந்தார்கள். வசதியான ஆஸ்பத்திரிகளில்தான் அதிகம் நடந்தது, அதுதான் எல்லாரையும் குழப்பியது. 1951இல் ஆஸ்திரேலியாவில் கேட் கேம்ப்பெல் என்ற பெண் மருத்துவர், தாராளமாகக் கொடுக்கிற ஆக்சிஜன்தான் என்று சந்தேகப்பட்டு எழுதினார். 1953இல் அமெரிக்காவில் 18 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து தொடங்கிய ஆய்வு அதை உறுதி செய்தது. பாடகர் ஸ்டீவி வொண்டர் அந்தத் தலைமுறைப் பிள்ளை, 1950இல் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்தவர்.

உடனே எல்லாரும் ஆக்சிஜனைக் குறைத்தார்கள். குருடு குறைந்தது. மூச்சுக்கு இல்லாமல் பிள்ளைகள் இறந்தார்கள், பிழைத்த சிலருக்கு மூளை பாதித்துக் கைகால் விளங்காமல் போனது. அந்தக் கசப்பிலிருந்து படித்ததுதான் இப்போது கடைப்பிடிக்கிற அளவு: ஆக்சிஜன் குழாயில் இருக்கும் பிள்ளையின் ரத்தத்தில் ஆக்சிஜன் 90 முதல் 95 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும் கருவியின் எண் அதுதான். குழாயில் இருக்கும்போது 99, 100 என்று காட்டினால் தாய்தகப்பனுக்குச் சந்தோஷமாக இருக்கும். எங்களுக்கு அது எச்சரிக்கை. ஏறுவதும் இறங்குவதுமாக ஆடினால் இன்னும் மோசம்.

எல்லாம் சரியாகச் செய்தும் நோய் வரும். வருவதைத் தடுக்கத் தவறியதை விட, வந்ததா என்று பார்க்கச் சொல்லாமல் விட்டதுதான் என் மனசில் பெரிய தவறு. உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் கண்டது. 1996இல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் 29 வாரத்தில் 1,250 கிராம் எடையோடு பிறந்த பெண்ணுக்கு, இந்தப் பரிசோதனை வேண்டுமென்று யாரும் சொல்லாததால் பார்வை போனது. 2015 ஜூலை 1 அன்று ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டார்கள். உங்கள் அக்காவின் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். கண் பரிசோதனை என்று எழுதியிருக்கிறதா, அதை அவருக்குப் புரிய வைத்தார்களா என்பதுதான் கேள்வி.

குறைமாதப் பேத்தியின் கண்ணில் தாய்ப்பால் விடலாமா, விளக்கெண்ணெய் விடலாமா? – வாசகி, ஆழ்வார்குறிச்சி

கண்ணில் எதுவும் வேண்டாம் அம்மா. எண்ணெயும் வேண்டாம், மையும் வேண்டாம். தாய்ப்பாலை வாய் வழியாக எவ்வளவு முடியுமோ அவ்வளவு கொடுக்கச் சொல்லுங்கள். எடை ஒழுங்காக ஏறுகிற பிள்ளைக்கு இந்த நோய் முற்றுவது குறைவு. சேனை தொட்டு வைப்பதும் உரைமருந்தும் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது, கிருமி புகுந்துவிடும். உங்கள் கைக்கு வேலை வேண்டுமென்றால், மகள் ஓய்வெடுக்கும் நேரத்தில் பேத்தியை வெறும் உடம்போடு உங்கள் நெஞ்சில் சாய்த்து மேலே துணி போர்த்தி உட்கார்ந்துகொள்ளுங்கள். கங்காரு முறை என்று அதற்குப் பெயர். ஆச்சியும் செய்யலாம், அப்பாவும் செய்யலாம்.

என் மகனுக்கு லேசர் செய்து இரண்டரை வருடம் ஆகிறது. நன்றாக ஓடி விளையாடுகிறான். டிவியைக் கிட்டப் போய்ப் பார்க்கிறான். இனியும் கண் டாக்டரிடம் போக வேண்டுமா? – வாசகி, தென்காசி

டிவியைக் கிட்டப் போய்ப் பார்க்கிறான் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இந்த மாதமே கூட்டிப் போங்கள். நோய் வந்து ஆறிய கண்ணுக்குக் கிட்டப்பார்வை அதிகமாக வரும், மாறுகண் வரும். ஒரு கண்ணுக்கு மட்டும் பவர் கூடினால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும், சோம்பல் கண் என்று சொல்வோம். ஏழெட்டு வயசுக்குள் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை மூடிப் பழக்கினால் மீட்டுவிடலாம். இரண்டரை வயசுப் பிள்ளை கண்ணாடி போடுமா என்று கேட்பீர்கள். தூரத்துப் பொருள் தெளிவாகத் தெரிந்துவிட்டால் பிள்ளைகள் தாமே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும். காதுக்குப் பின்னால் எலாஸ்டிக் பட்டை வைத்த கண்ணாடி கேளுங்கள்.

பள்ளி முடிக்கும் வயசுவரை வருஷம் ஒரு தடவையாவது விழித்திரையைப் பார்க்க வேண்டும். லேசருக்குப் பதில் ஊசி போட்ட பிள்ளையென்றால் ஆரம்ப மாதங்களில் இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டும், நோய் அடங்கி மறுபடி கிளம்பும். குறைமாதப் பிள்ளைக்கு மூளையின் பார்வைப் பகுதியும் சில சமயம் பாதித்திருக்கும். கண் சரியாக இருந்தும் பொருளை இனம் காணத் தடுமாறினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

என் மகளுக்கு ஏழு மாதம். இரண்டு கண்ணிலும் ஐந்தாம் நிலை என்று சொல்லிவிட்டார்கள். முப்பதாம் நாள் எனக்குக் காய்ச்சல், போகவில்லை. நான்தான் கெடுத்துவிட்டேன். ஆபரேஷன் செய்தால் பார்வை வருமா? இனி என்ன செய்ய? – ஒரு தாய், நாங்குநேரி வட்டம்

நீங்கள் கெடுக்கவில்லை தங்கச்சி. காய்ச்சலில் கிடந்த தாய் வரவில்லை என்றால் தேடி வரவேண்டியது எங்கள் வேலை. அதை நாங்கள் செய்யவில்லை.

ஆபரேஷன் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஐந்தாம் நிலையில் செய்தாலும் பெரும்பாலும் வெளிச்சம் தெரிகிற அளவுக்குத்தான் பலன், பல பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. குழந்தைகளின் விழித்திரை பார்க்கும் ஒரே ஒரு நிபுணரிடம் நேராகக் கேளுங்கள், "செய்தால் என் மகளுக்கு என்ன தெரியும்?" என்று. அவர் சொல்வதை வைத்து முடிவெடுங்கள். நகையை விற்று ஊர் ஊராக அலைய வேண்டாம். அந்தப் பணமும் அந்த மாதங்களும் அவளை வளர்ப்பதற்கு வேண்டும்.

முதலில் காதைப் பரிசோதித்து விடுங்கள். குறைமாதப் பிள்ளைகளுக்குக் காது கேளாமையும் வரலாம், அவளுக்கு இனிக் காதுதான் கண். அரசு மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் எங்கே என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். பிறந்த பிள்ளைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டத்தில் இந்த நோயும் இருக்கிறது, பணம் கேட்க மாட்டார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் அங்கேயே வழி சொல்வார்கள்.

வீட்டில் செய்ய நிறைய இருக்கிறது. தூக்குவதற்கு முன் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். பேசாமல் தொட்டால் திடுக்கிட்டுப் போவாள். உங்கள் கையில் சத்தம் வருகிற வளையல் போட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று அவளுக்குத் தெரியும். பரிதாபப்பட்டு எந்நேரமும் மடியிலேயே வைக்காதீர்கள். பாயில் குப்புறப் போட்டு, கைக்கெட்டும் தூரத்தில் கிலுக்கை ஆட்டுங்கள். பார்வை உள்ள பிள்ளையை விடத் தாமதமாகத்தான் தவழ்வாள், சத்தத்தைத் தேடிக் கை நீட்டுவது பொருளைப் பார்த்துக் கை நீட்டுவதை விடப் பிந்தி வரும் வித்தை. முஷ்டியால் கண்ணை அழுத்திக்கொண்டே இருப்பாள். அதட்டாமல் அந்தக் கையில் ஏதாவது கொடுங்கள், ஈரத் தேங்காய் நார், பனையோலைக் கிலுக்கு, சில்வர் டம்ளர், சொரசொரப்பும் வழுவழுப்புமாக. பாளையங்கோட்டையில் நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கும் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. இப்போதே ஒரு நாள் போய்விட்டு வாருங்கள். அங்கே பெரிய பிள்ளைகள் புள்ளி எழுத்தை விரலால் தடவி வாசிக்கிற வேகத்தைப் பாருங்கள்.

கடிதத்தில் வட்டத்தின் பெயர் மட்டும் போட்டிருக்கிறீர்கள். ஊர்ப் பெயரையும், பகலில் யார் கையில் போன் இருக்கும் என்பதையும் இந்தப் பத்திரிகை விலாசத்துக்கு எழுதி அனுப்புங்கள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நான் நாங்குநேரிப் பக்கம் வருகிறேன்.